மூன்று பெடல் வண்டி

திருப்பதி
11.1.2024

அன்புள்ள அண்ணாவுக்கு,

தங்கை யாமினி எழுதிக்கொள்வது. உன் முட்டி வலி குறைந்ததா? புத்தூருக்குப் போய்க் கட்டுப் போட்டுக்கொண்டாய் என்று அண்ணி சொன்னார். அந்தக் கட்டு எலும்பு முறிந்தவர்களுக்கு, தேய்ந்த முட்டிக்கு அல்ல என்று யார் சொன்னாலும் நீ கேட்கப் போவதில்லை. போனில் பேசலாம் என்றால் உனக்குக் காது கேட்பதில்லை. நான் கத்துவது என் லாட்ஜின் மூன்று மாடிக்கும் கேட்கிறது. போன வாரம் இருபத்தேழாம் நம்பர் அறைக்காரர் ஏதோ சண்டை என்று நினைத்துக் கீழே ஓடி வந்துவிட்டார். அதனால்தான் இந்தக் கடிதம்.

விஷயத்துக்கு வருகிறேன். என் காரை விற்றுக் கொடு. முப்பத்தைந்து வருஷமாகச் சித்தூரில் பழைய கார் வாங்கி விற்கிறாய். உனக்குத் தெரியாத ஆள் இருக்க முடியாது. வண்டி லாட்ஜுக்கு அடியில், செல்லாரில் உறை போட்டு நிற்கிறது. ஏன் என்று கேட்காதே. அலுத்துவிட்டது, அவ்வளவுதான்.

சங்கராந்திக்கு வர முடியாது. லாட்ஜில் கூட்டம். எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை. அண்ணியைக் கேட்டதாகச் சொல்.

யாமினி


சித்தூர்
22.1.2024

அன்புத் தங்கை யாமினிக்கு,

அண்ணன் ஆதிநாராயணனின் ஆசிகள். இங்கே ரத்தினம்மா சுகம். என் முட்டி சுகமில்லை. மூன்று படி ஏறினால் நைனா, ஆயா எல்லாரையும் கூப்பிடுகிறேன். பண்டிகைக்கு நீ வராததில் உன் அண்ணிக்குக் கோபம். எனக்கு அதைவிடக் கோபம்.

நாலு வருஷத்துக்கு முன்னால் நான் என்ன சொன்னேன்? ஒரு வீடு வாங்கும் காசை ரெண்டு சீட்டு வண்டியில் போடுகிறாயே, அதிலும் தேடிப் பிடித்துக் கையால் கியர் போடும் வண்டியை வாங்குகிறாயே, நாளைக்கு இதை யார் தலையில் கட்டுவது என்று கேட்டேனா இல்லையா? அதே கம்பெனி, அதே இன்ஜின், ஆட்டோமேட்டிக் வண்டி பக்கத்திலேயே நின்றது. நீ அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

இப்போது நான் படுகிறேன். மாங்கூழ் ஃபேக்டரி வைத்திருக்கும் ஒருவர் போட்டோவைப் பார்த்து மயங்கிப் போனார். மூன்றாவது பெடலைப் பார்த்ததும், "இன்னா நைனா இது, இம்மாம் காசு குடுத்துட்டு நானே கியர் மாத்திக்கினு இருக்கணுமா? வேலூர் ரோட்டு டிராபிக்குல யாரு கிளட்ச் மிதிச்சிக்கினு கெடக்கறது?" என்று எழுந்து போய்விட்டார். ரேணிகுண்டா பக்கம் பிளாட் போடும் ஒருவர் எனக்கே கேட்கும்படிக் கத்திப் போனிலேயே முடித்துவிட்டார். "ஆட்டோமேட்டிக் லேதா அண்ணா? அயிதே ஒத்து." லேது என்றால் ஒத்து, இல்லை என்றால் வேண்டாம். இரண்டே வார்த்தை.

நம் ஊரில் இந்த வண்டிக்குப் பாதி விலைகூட வராது. எதற்கு இந்த அவசரம்? உடம்பு கிடம்பு சரியில்லையா என்று ரத்தினம்மா கேட்கச் சொன்னாள்.

ஆசிகளுடன்,
ஆதிநாராயணன்


திருப்பதி
5.2.2024

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலம். நீயும் அண்ணியும் நலமாக இருக்க வேண்டும். அண்ணியிடம் எனக்கு ஒன்றும் இல்லை என்று சொல்.

வந்த விலைக்குக் கொடுத்துவிடு. செல்லாரில் அது நிற்பதைத் தினமும் பார்க்க வேண்டியிருக்கிறது. மேனேஜர் சின்னசாமியிடம் சாவி இருக்கிறது. யாராவது பார்க்க வந்தால் அவன் காட்டுவான்.

உன் முட்டிக்கு எண்ணெய் அனுப்பியிருக்கிறேன். வெதுவெதுப்பாகத் தடவு. காலை அலட்சியம் செய்யாதே அண்ணா.

யாமினி


சித்தூர்
11.3.2024

அன்புத் தங்கை யாமினிக்கு,

ஆசிகள். எண்ணெய் பரவாயில்லை. நாற்றம்தான் தாங்க முடியவில்லை, ரத்தினம்மா என்னைக் கூடத்தில் படுக்கச் சொல்லிவிட்டாள்.

உட்கார்ந்துகொண்டு படி. உன் அண்ணன் தப்புச் சொல்லிவிட்டேன். முப்பத்தைந்து வருஷத்தில் இந்த வார்த்தையை நான் எழுதுவது இதுதான் முதல் தடவை, பத்திரமாக வைத்துக்கொள்.

பெங்களூரில் கோபிகிருஷ்ணன் என்று ஒருவர். இந்த மாதிரி வண்டிகளைச் சேர்த்து வைப்பதுதான் அவர் பொழுதுபோக்கு. உன் வண்டியின் நம்பரைச் சொன்னதும் மறுநாளே சித்தூர் வந்துவிட்டார். உன் மாடலில் ஆட்டோமேட்டிக் வண்டி வருஷத்துக்கு வருஷம் விலை இறங்குகிறதாம். கியரை மாற்றுவது மெஷின்தானே, அடுத்த வருஷம் அதைவிட வேகமாக மாற்றும் மெஷின் வந்துவிடுகிறது, பழசு பழசாகிவிடுகிறது. மேனுவல் அப்படி இல்லை. புது மாடலில் கம்பெனி அதைக் கொடுப்பதையே நிறுத்திவிட்டது. வந்த காலத்திலும் உன்னைப் போல நூற்றில் மூன்று பேர்தான் கேட்டு வாங்கினார்களாம். ஓட்டத் தெரிந்தவன் அதைத்தான் தேடுகிறான், கிடைப்பதில்லை. அதனால் நீ வாங்கிய விலைக்கு மேலே கால் பங்கு கூடத் தருகிறேன் என்கிறார்! நான் காது கேட்காத மாதிரி இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன்.

வெள்ளிக்கிழமை நல்ல நேரம் பார்த்துத் தாம்பூலம் மாற்றிக்கொண்டோம். என் கடையில் பேப்பரில் கையெழுத்துப் போட்ட பேரம் உடைந்திருக்கிறது, வெற்றிலை மாற்றிய பேரம் ஒருநாளும் உடைந்ததில்லை. சித்தூரில் இருக்கும் எல்லா புரோக்கர்களுக்கும் இது தெரியும்.

அவருக்கு ஒரே நிபந்தனை. வண்டி கம்பெனியிலிருந்து வந்தது வந்தபடி இருக்க வேண்டும். கியர் குமிழ், பெடல், கீழே விரித்த கார்ப்பெட் எதுவும் மாறியிருக்கக் கூடாது. ஒரு ஸ்குரூவைக்கூடத் தொடாதே. குங்குமம்கூட வைக்காதே.

ரதசப்தமி முடிந்து கூட்டம் குறைந்திருக்குமே, ஒரு நடை வந்துவிட்டுப் போ. சித்திரைக் கடைசியில் பேத்திக்குக் காது குத்துகிறோம். பதில் எழுது.

ஆதிநாராயணன்


திருப்பதி
6.5.2024

அன்புள்ள அண்ணாவுக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. முட்டி எப்படி இருக்கிறது? பேத்திக்குக் கம்மல் அனுப்பியிருக்கிறேன், கிடைத்ததா? விசேஷத்துக்கு வர முடியாது. கோடை விடுமுறைக் கூட்டம்.

கார் விஷயம் கொஞ்சம் பொறு. முந்தாநாள் காலையில் கைலாசகோனா வரை ஓட்டிக்கொண்டு போய் வந்தேன். அருவியில் தண்ணீர் நூலாகத்தான் விழுகிறது. இருந்தாலும் ரொம்ப நாளுக்குப் பிறகு நன்றாகச் சாப்பிட்டேன், நன்றாகத் தூங்கினேன்.

யாமினி


சித்தூர்
15.5.2024

யாமினிக்கு,

கம்மல் கிடைத்தது. போட்டுவிட அத்தைப் பாட்டி வரவில்லை. வந்தவர்கள் எல்லாரும் எங்கே எங்கே என்று கேட்டார்கள். கூட்டம் கூட்டம் என்று சொல்லி என் வாய் வலித்துவிட்டது. திருமலைக்கு வரும் அத்தனை பேரும் உன் லாட்ஜில்தான் தங்குகிறார்களா?

ஜனவரியில், விற்றுக் கொடு. பிப்ரவரியில், வந்த விலைக்குக் கொடு. மார்ச்சில் தங்கம் போல ஒருவரைக் கொண்டுவந்து நிறுத்தினால், மேயில் பொறு. நான் கடை வைத்திருக்கிறேனா, உனக்கு ஊஞ்சல் கட்டி வைத்திருக்கிறேனா? அதுவும் கைலாசகோனாவுக்கு ஓட்டிக்கொண்டு போனாயாம்! ஓடிய ஒவ்வொரு கிலோமீட்டரும் விலையில் பிடித்தம் அம்மாடி. கோபிகிருஷ்ணன் வாரத்துக்கு இரண்டு தடவை போன் செய்கிறார். அவர் போன் வந்தாலே, "அவரு தான்யா, எடு, நான் என்னான்னு சொல்றது?" என்று ரத்தினம்மா போனை என் மடியில் போட்டுவிட்டுப் போகிறாள்.

நான் வந்து உன்னை நேரில் நாலு வார்த்தை கேட்டிருப்பேன். இந்த முட்டியோடு பஸ் ஏற முடியவில்லை. உன் கால் நல்லாத்தானே இருக்கிறது, நீ வந்தால் என்ன?

ஆதிநாராயணன்


திருப்பதி
20.6.2024

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலமா? நான் நலம்.

நான் காரை விற்கவில்லை. தாம்பூலத்தைத் திருப்பிக் கொடுத்துவிடு. உனக்குத் தலைகுனிவு என்று தெரியும், அதற்கு மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். விலை குறைச்சல் என்று நான் சொல்லவில்லை. அவர் இரண்டு பங்கு கொடுத்தாலும் இதுதான் பதில்.

அன்றைக்கு ஏன் ஆட்டோமேட்டிக்கைத் திரும்பிப் பார்க்கவில்லை என்று கேட்டாய். என் வீட்டுக்காரர் காலமான பிறகு இந்த வீட்டில் எல்லாமே என்னைக் கேட்காமல் மாறியது. அந்த வண்டியில் மட்டும்தான் நான் மாற்றினால் மாறும், மாற்றாவிட்டால் உறுமிக்கொண்டு அப்படியே நிற்கும். எனக்கு அது பிடித்திருந்தது. இப்போது இன்னும் பிடித்திருக்கிறது. இதற்கு மேல் எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

முட்டியைப் பார்த்துக்கொள்.

யாமினி


சித்தூர்
28.8.2024

யாமினிக்கு,

உன் கடிதத்துக்கு நான் பதில் போடவில்லை. போட்டால் அசிங்கமாக எழுதிவிடுவேன் என்று ரத்தினம்மா பேனாவைப் பிடுங்கி வைத்துக்கொண்டாள். வெற்றிலையையும் திருப்பித் தரவில்லை. கோபிகிருஷ்ணனையே நேரில் அனுப்பினால் நீ இளகுவாய் என்று நினைத்தேன். திங்கட்கிழமை அவர் வந்தார். நீ மாடியைவிட்டு இறங்கவே இல்லையாம். சின்னசாமிதான் உறையை எடுத்துக் காட்டினானாம்.

திரும்பி வந்து என் கடையில் உட்கார்ந்து தண்ணீர் வாங்கிக் குடித்தார். குடித்துவிட்டு போனில் எடுத்த போட்டோவைக் காட்டினார். யாமினி, நான் வியாபாரத்தில் எத்தனையோ அக்கிரமம் பார்த்திருக்கிறேன். மீட்டரைத் திருப்பியவனைப் பார்த்திருக்கிறேன், வெள்ளத்தில் மூழ்கிய வண்டிக்குச் சென்ட் அடித்து விற்றவனைப் பார்த்திருக்கிறேன். இதைப் பார்த்ததில்லை. அந்த அழகான கியர் தண்டில் ஒரு பழைய மொபெட்டின் கைப்பிடியைப் பட்டை போட்டு முறுக்கி வைத்திருக்கிறது. அதிலிருந்து கேபிள். அந்தக் கேபிள் போகத் தரையில் ஓட்டை! கார்ப்பெட்டைக் கிழித்து, தகட்டைத் துளைத்து, கிளட்ச் பெடலில் கொண்டுபோய்க் கட்டியிருக்கிறது. ஆர்.சி.யிலும் ஏதோ எழுதி சீல் அடித்திருக்கிறதாம், அதை முழுசாகப் படிக்கும் நிலைமையில் அவர் இல்லை. ஒரு ஸ்குரூவைத் தொடாதே என்று எழுதினேனே!

மூன்றாவது பெடலுக்காகத்தான் அந்த மனிதர் அவ்வளவு விலை கொடுக்கிறார். நீ அந்தப் பெடலிலேயே கயிற்றைக் கட்டியிருக்கிறாய். இனி இது மேனுவலும் இல்லை, ஆட்டோமேட்டிக்கும் இல்லை, காயலான் கடைக்குத்தான். எந்த மடையன் இதைச் செய்தான்? கிளட்ச் மிதிக்க உனக்குக் காலில்லையா?

என் முப்பத்தைந்து வருஷப் பெயர் போயிற்று.

ஆதிநாராயணன்


திருப்பதி
19.9.2024

அன்புள்ள அண்ணாவுக்கு,

நீ கேட்டதற்குப் பதில் எழுத மூன்று வாரமாயிற்று. இல்லை அண்ணா. இடது கால் இல்லை. கணுக்காலுக்கு மேலே ஒரு சாண் வரை எடுத்துவிட்டார்கள்.

போன புரட்டாசியில் அலிபிரியிலிருந்து திருமலைக்கு வெறுங்காலோடு படியேறினேன். வருஷா வருஷம் ஏறுவதுதானே என்று ஏறினேன். சர்க்கரை இருப்பதை நினைக்கவில்லை. வெயிலில் கல் சுட்டுக் கொப்புளம் வந்தது, எனக்குத் தெரியவே இல்லை. பிரம்மோற்சவக் கூட்டம், கல்லாவைவிட்டு நகர முடியவில்லை. மஞ்சள் வைத்துக் கட்டிக்கொண்டு திரிந்தேன். கார்த்திகையில் எடுக்க வேண்டியதாகிவிட்டது. சங்கராந்திக்கு நான் வராதது கூட்டத்தால் அல்ல. காதுகுத்துக்கு வராததும் கூட்டத்தால் அல்ல. செயற்கைக் கால் போட்டு நடக்கப் பழகிக்கொண்டிருந்தேன்.

உனக்கு ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். அவர் போன பதினாறாம் நாள் நீ என்ன செய்தாய், ஞாபகம் இருக்கிறதா? லாட்ஜை வாங்க ஒரு ஆளைக் கூட்டிக்கொண்டு வந்தாய். "நீ ஒண்டிப் பொம்பள, எப்படி நடத்துவ? எல்லாத்தயும் குடுத்துட்டு நம்ம வூட்டுப் பின்னால ரூமுல வந்து இரு. துன்னுறதுக்கா கொற?" என்றாய். பாசத்தில்தான் சொன்னாய், எனக்குத் தெரியும். ஒரு காலோடு என்னைப் பார்த்தால் ஆம்புலன்ஸே கொண்டுவந்திருப்பாய். அந்தப் பின்னறைக்கு நான் பயந்தேன்.

ஜனவரியில் செல்லாரில் அந்த வண்டியைப் பார்க்கச் சகிக்கவில்லை, விற்கச் சொன்னேன். செயற்கைப் பாதத்துக்குக் கிளட்ச் எங்கே பிடிக்கிறது என்று தெரியாது, எத்தனை முறை மிதித்தாலும் வண்டி குதித்து நின்றுவிடும். ஏப்ரலில் சின்னசாமி பச்சையப்பனைக் கூட்டிக்கொண்டு வந்தான். கால் ஊனமானவர்களின் ஸ்கூட்டருக்குப் பக்கச் சக்கரம் வைத்துக் கொடுக்கிறவர். அவர் வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "இம்மாம் பெரிய வண்டியில துளை போட எனக்கு மனசு வரலம்மா" என்றார். "போடுங்க" என்றேன். கையால் அழுத்தினால் கிளட்ச், அதே கையால் கியர். ஆர்.டி.ஓ. ஆபீஸில் ஓட்டிக் காட்டி, லைசென்ஸிலும் ஆர்.சி.யிலும் எழுதி வாங்கினேன். உன் நண்பர் படிக்காமல் விட்டது அதுதான்.

எந்த மடையன் என்று கேட்டாயே, அந்த மனிதர் என்னிடம் கூலிகூட வாங்கவில்லை.

யாமினி


சித்தூர்
10.10.2024

அன்புத் தங்கை யாமினிக்கு,

உன் கடிதத்தை ரத்தினம்மா சத்தமாகப் படிக்க ஆரம்பித்தாள். நாலாவது வரியில் நிறுத்திவிட்டு உள்ளே போய்விட்டாள். மீதியை நானே படித்தேன். அன்றைக்குக் கடை திறக்கவில்லை.

நான் எழுதியதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை. ஒன்பது மாதமாக என் முட்டி, என் முட்டி என்று உன்னிடம் புலம்பியிருக்கிறேன். நீ எண்ணெய் அனுப்பியிருக்கிறாய். உன் கால் நல்லாத்தானே இருக்கிறது என்று வேறு எழுதினேன். பதினாறாம் நாள் விஷயமும் நீ சொன்னபடிதான். அதில் ஒரு வார்த்தைகூட மறுப்பதற்கில்லை. இந்தத் தடவையும் அதைத்தான் செய்திருப்பேன்.

ஒன்றை மறைக்க முடியவில்லை. மறுநாள் காலையே திருப்பதிக்கு பஸ் ஏறினேன். உன் லாட்ஜுக்கு எதிரில் இருக்கும் டீக்கடை வரை வந்தேன். அதற்கு மேல் வர முகமில்லை. நீ வெளியே வந்தாய். லேசாகச் சாய்ந்து நடந்தாய், தெரியாதவன் பார்த்தால் தெரியாது. செல்லாரிலிருந்து வண்டியை நீயே மேலே ஏற்றிக்கொண்டு வந்தாய். அந்தச் சரிவில் நல்ல டிரைவர்களுக்கே வண்டி பின்னால் உருளும். உனக்கு உருளவில்லை. தெருவில் மாடு, ஆட்டோ, மொட்டைத் தலை ஜனம், அத்தனைக்கும் நடுவில் ஒரு தடவைகூட இன்ஜின் அணையவில்லை. வழி அடைத்திருந்ததோ என்னவோ, அதே தெருவை மூன்று சுற்று சுற்றினாய். மூன்று தடவையும் பார்த்தேன். நாலாவது தடவைக்குள் நான் அழுதுவிடுவேன் என்று பஸ் ஸ்டாண்டுக்கு நடந்துவிட்டேன்.

கோபிகிருஷ்ணனுக்குத் தாம்பூலத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். ஓட்டையைப் பற்றவைத்துச் சரி செய்துகொள்கிறேன், விலையை மட்டும் குறையுங்கள் என்றார். அந்த ஓட்டைக்கு விலை கிடையாது, வண்டி விற்பனைக்கு இல்லை என்று சொல்லிவிட்டேன். புரோக்கர்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

என்னைப் பார்க்க உனக்கு எப்போது மனசு வருகிறதோ அப்போது எழுது. நான் வருகிறேன்.

உன் அண்ணன்,
ஆதிநாராயணன்


திருப்பதி
22.10.2024

அன்புள்ள அண்ணாவுக்கு,

அண்ணி தினமும் போன் செய்து அழுகிறார். அவரைச் சமாதானம் செய்வதற்கே எனக்கு நேரம் சரியாக இருக்கிறது. நீயாவது சாப்பிடு.

உன்னை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. எழுபது கிலோமீட்டர் பஸ்ஸில் வந்தவனுக்கு, தெருவைத் தாண்டி வந்து கதவைத் தட்டத் தெரியாதா? வழி அடைத்திருக்கவில்லை அண்ணா. முதல் சுற்றிலேயே உன்னைப் பார்த்துவிட்டேன். டீக்கடைத் தட்டிக்குப் பின்னால் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு நின்றால் என் அண்ணனை எனக்கு அடையாளம் தெரியாதா? நீ பார்க்கட்டும் என்றுதான் மறுபடி மறுபடி வந்தேன். மூன்றாவது சுற்றில் வண்டியை நிறுத்தி, உன் பக்கத்துக் கதவைத் திறந்துகூட வைத்தேன். நீ முகத்தைத் திருப்பிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போகிறாய். பின்னால் ஆட்டோக்காரன் திட்டுகிறான். உன்மேல் வந்த கோபத்தில் அன்றைக்கு ராத்திரி வரை சின்னசாமியைத் திட்டித் தீர்த்தேன்.

இந்த ஞாயிற்றுக்கிழமை, இருபத்தேழாம் தேதி, காலை பத்து மணிக்கு உன் கடை வாசலில் வண்டியை நிறுத்துவேன். சிரிக்கிற புரோக்கர்கள் எல்லாரையும் வரச் சொல். நீ இடது பக்கம் ஏறி உட்கார், காணிப்பாக்கம் கோயில் வரை போய் வரலாம். இரண்டே சீட், அதனால் அண்ணி அடுத்த நடை. தீபாவளியும் உங்களோடுதான்.

என் காலைப் பார்த்தால் நீ அழுவாய், தெரியும். அழுவதாக இருந்தால் கடை வாசலிலேயே அழுது முடித்துவிடு. ஓட்டும்போது எனக்கும் கண் மறைக்கும், எனக்கு ரெண்டு கையிலும் வேலை இருக்கிறது, துடைத்துக்கொள்ள முடியாது.

உன் தங்கை,
யாமினி